சோர் க்ரீம் கிடைக்கலையா? மேல்சித்தாமூர் சமையலறையிலேயே இருக்கு மாற்று!

போனில் ஒரு ரீல்ஸ் ஓடுது. முப்பது செகண்டில் கேக் ரெடி. பார்க்க ஈஸியா இருக்கேன்னு சேவ் பண்ணி வெச்சுட்டீங்க. ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்னு லிஸ்ட்டைத் திறந்தா... ஒரு கப் பட்டர்மில்க், அரை கப் சோர் க்ரீம், 225 கிராம் க்ரீம் சீஸ், கொஞ்சம் ஹெவி க்ரீம். நீங்க இருப்பது சென்னையில் என்றால் ஆப்பில் ஆர்டர் போட்டுடலாம். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற மேல்சித்தாமூரில் இருந்தா?

பால் இருக்கு, தயிர் இருக்கு, வீட்டில் கடைஞ்ச வெண்ணெய் இருக்கு. ரெசிப்பி கேட்கிற பெயரில் மட்டும் எதுவுமே இல்லை. டவுனுக்கு பஸ் ஏறிப் போய்த் தேடிப் பிடித்தாலும், ஒரு சின்ன டப்பா க்ரீம் சீஸுக்குக் கொடுக்கிற காசில் வீட்டுக்கு இரண்டு மூன்று நாள் பால் வாங்கிடலாம்.

இந்த ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடமும், பார்சுவநாதர் கோயிலும் இருக்கிற ஊர் இது. பல தலைமுறையாக சைவச் சாப்பாடு மட்டுமே சாப்பிடும் நயினார் குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அங்கே புதுசா ஒரு டப்பா வீட்டுக்குள் வந்தா, ஆயா கேட்கிற முதல் கேள்வி, ‘நல்லா இருக்குமா?’ என்பது இல்லை. ‘இதுல என்ன சேர்த்திருக்கான்?’ என்பதுதான். சீஸ் விஷயத்தில் அந்தக் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. ஏன்னு பின்னாடி பார்ப்போம்.

பெயரை விடுங்க, வேலையைப் பாருங்க

‘சோர் க்ரீமுக்குத் தமிழில் என்ன?’ என்று தேடினால் பெரும்பாலும் குழப்பம்தான் மிஞ்சும். அதுக்குப் பதிலா, அந்தப் பொருள் ரெசிப்பியில் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. பால் பொருள்கள் சமையலில் செய்யும் முக்கியமான வேலைகள் நான்குதான்.

1. கொழுப்பு தருவது (க்ரீம், வெண்ணெய்)
2. புளிப்பு தருவது (பட்டர்மில்க், சோர் க்ரீம்)
3. கெட்டியான பதம் தருவது (க்ரீம் சீஸ், ரிக்கோட்டா, கண்டென்ஸ்டு மில்க்)
4. உருகி இழுபடுவது (மொசரெல்லா, செடார்)

முதல் மூன்றுக்கும் நம்ம வீட்டிலேயே மாற்று இருக்கு. நான்காவதுக்குக் கிடையாது. இது தெரிஞ்சாலே பாதி ரெசிப்பியைக் காப்பாத்திடலாம்.

ஆரம்பிக்கும் முன் அளவு பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க ரெசிப்பியில் ஒரு கப் என்றால் சுமார் 240 மி.லி. நம்ம வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. தண்ணீர் ஊற்றி ஒருமுறை அளந்து, எந்த டம்ளர் எவ்வளவு பிடிக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ‘ஒரு ஸ்டிக் பட்டர்’ என்று வந்தால் 113 கிராம் என்று அர்த்தம்.

பட்டர்மில்க் நம்ம மோர் இல்லை

நிறையப் பேர் சறுக்குகிற இடம் இது. பட்டர்மில்க் என்றால் மோர்தானேன்னு, வெயிலுக்குக் குடிக்கிற நீர்மோரை மாவில் ஊற்றிடுவாங்க. கேக் களி மாதிரி வரும்.

அந்தக் காலத்தில் வெண்ணெய் கடைஞ்ச பிறகு மிஞ்சியதைத்தான் அவங்களும் பட்டர்மில்க் என்றார்கள். ஆனால் இன்று அங்கே கடையில் விற்பது, பாலைப் புளிக்க வைத்துத் தயாரிக்கும் கெட்டியான பொருள். நம்ம தயிருக்கும் மோருக்கும் இடைப்பட்ட பதம்.

மாற்று: முக்கால் கப் தயிரில் கால் கப் தண்ணீர் விட்டு மத்தால் நல்லா சிலுப்புங்க. ஒரு கப் பட்டர்மில்க் ரெடி. தயிர் இல்லையா? ஒரு கப் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு 10 நிமிஷம் வையுங்க. பால் லேசாகத் திரிஞ்சு வரும். அதுவே போதும்.

புளிப்பில்லாத பாலை அப்படியே ஊற்றினால் என்ன ஆகும்? அந்த ரெசிப்பியில் பெரும்பாலும் சமையல் சோடா இருக்கும். புளிப்பும் சோடாவும் சேரும்போதுதான் வாயு உண்டாகி மாவு உப்பும். ஒரு கப் பட்டர்மில்க்கின் புளிப்பு, சுமார் அரை டீஸ்பூன் சோடாவுக்குச் சரியாகும். புளிப்பு இல்லைன்னா சோடா அப்படியே தங்கி, கேக்கில் சோப்பு வாடை வரும். அதனால் பான்கேக்குக்கு நேற்றைய புளித்த தயிர் தாராளமாகப் போதும். இனிப்பு கேக்குக்கு அன்று உறைந்த தயிரே நல்லது.

சோர் க்ரீம், கிரீக் யோகர்ட், க்ரீம் சீஸ்: மூன்றுக்கும் ஒரே துணி

ஒரு பழைய, சுத்தமான பருத்தி வேட்டித் துணி. அதில் கெட்டித் தயிரைக் கொட்டி, மூட்டையாகக் கட்டி, குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ தொங்கவிடுங்க. கீழே ஒரு பாத்திரம். இனி நேரம்தான் பொருளைத் தீர்மானிக்கும்.

* 2 முதல் 3 மணி நேரம்: கிரீக் யோகர்ட்.
* அதில் ஒரு கப் எடுத்து, 2 டேபிள்ஸ்பூன் ஃப்ரெஷ் க்ரீமோ பால் ஏடோ சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புடன் அடித்தால்: சோர் க்ரீம்.
* 6 முதல் 8 மணி நேரம் தொங்கிய தயிரில் கொஞ்சம் உப்பும், உப்பில்லாத வெண்ணெயும் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டால்: க்ரீம் சீஸுக்குப் பக்கத்தில் வரும் ஒன்று.

‘பக்கத்தில்’ என்று சொல்லக் காரணம் இருக்கு. அமெரிக்க விதிப்படி க்ரீம் சீஸில் குறைந்தது 33% கொழுப்பு இருக்கணும். தயிரில் அவ்வளவு வராது. அதனால்தான் வெண்ணெய் சேர்க்கிறோம். ரொட்டியில் தடவ, சீஸ்கேக் செய்ய இது போதும். கேக் மேல் பூ மாதிரி பிழிந்து அலங்கரிக்கணும் என்றால் இளகிடும்.

தயிருக்கு எந்தப் பால்? பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. டோன்டு பால் என்றால் 3% கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு என்றால் 4.5%, ஃபுல் க்ரீம் என்றால் 6%. தொங்கவிடும் தயிருக்கு ஃபுல் க்ரீம்தான் பெஸ்ட். பக்கத்து வீட்டில் எருமைப் பால் கிடைத்தா இன்னும் விசேஷம்.

சித்திரை வெயிலில் ஜன்னலில் தொங்கவிட்டா ஆறு மணி நேரத்தில் புளிச்சுப் போயிடும். வடிகட்டியில் துணியை விரித்து, தயிரை ஊற்றி, ஃபிரிட்ஜுக்குள் வெச்சுடுங்க. பழைய தயிர் சேர்க்காத நோன்பு வீடாக இருந்தால், முதல் நாள் ராத்திரியே கட்டிவைப்பது சரிப்படாது. அன்று உறைந்த தயிரைக் காலையில் கட்டி, அன்றைய சமையலுக்கே பயன்படுத்துங்க. கீழே வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்திலும் சேர்க்கலாம்.

சூடான குழம்பில் தயிர் திரியுதா? மோர்க்குழம்பைக் கேளுங்க!

பாஸ்தா சாஸில் சோர் க்ரீமுக்குப் பதில் தயிர் ஊற்றினேன், சாஸ் திரிதிரியா ஆயிடுச்சு... இந்தப் புலம்பலைக் கேட்காத வீடே இருக்காது. சோர் க்ரீமில் சுமார் 18% கொழுப்பு. தயிரில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கொழுப்பு குறைந்த தயிர் சூடாகும்போது, அதன் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தண்ணீர் தனியா பிரிஞ்சுடும்.

இதுக்குத் தீர்வு நம்ம மோர்க்குழம்பிலேயே இருக்கு. அதில் அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைச்சு விடுவாங்க. நுரைச்சுப் பொங்கி வரும்போதே அடுப்பை அணைச்சுடுவாங்க. மாவுச்சத்து தண்ணீரை இழுத்துக்கொண்டு புரதத்தை ஒட்டவிடாமல் தடுக்குது. சீக்கிரமே இறக்குவதால் சூடு எல்லை மீறாது. அதே டெக்னிக்தான். ஒரு கப் தயிரில் ஒரு டீஸ்பூன் அரிசி மாவைக் கரைத்து, தீயை சிம்மில் வைத்து, கடைசியாக ஊற்றுங்க. கொதிக்க விடாதீங்க.

வடக்கே கடி செய்யும்போது கடலை மாவு போடுவாங்க. அதுவும் நல்லா வேலை செய்யும். ஆனால் பருப்பு வகையோடு பச்சைத் தயிரைச் சேர்க்கக் கூடாது என்ற நியமத்தைச் சமண வீடுகளில் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. அவங்களுக்கு அரிசி மாவு எந்தச் சிக்கலும் இல்லாத வழி.

ஹெவி க்ரீம்: கணக்குப் போட்டால் கிடைச்சுடும்

க்ரீம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஹெவி க்ரீமில் குறைந்தது 36% கொழுப்பு. இங்கிலாந்தின் டபுள் க்ரீமில் 48%. ஹாஃப் அண்ட் ஹாஃப் என்பதில் 10.5 முதல் 18% வரை. நம்ம ஊர்க் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் பெரும்பாலும் 25% தான். பெட்டியிலேயே போட்டிருக்கும், பாருங்க.

* ஹாஃப் அண்ட் ஹாஃப் வேணுமா? 25% ஃப்ரெஷ் க்ரீமும் ஃபுல் க்ரீம் பாலும் சம அளவு கலந்தால் 15% வரும்.
* ஹெவி க்ரீம் வேணுமா? ஒரு கப் ஃப்ரெஷ் க்ரீமை லேசாகச் சூடாக்கி, உருக்கிய உப்பில்லாத வெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் சேர்த்து அடித்தால் சுமார் 33% வரும்.
* ஃப்ரெஷ் க்ரீமே இல்லையா? முக்கால் கப் பாலில் மூன்றில் ஒரு கப் உருக்கிய வெண்ணெய் விட்டு மிக்ஸியில் அடிங்க. சூப், குருமா, பாஸ்தா சாஸுக்கு ஓகே.

இவை சமைக்க மட்டும்தான். பொங்க அடித்து கேக் மேல் போட முடியாது. க்ரீம் பொங்க வேண்டுமானால் குறைந்தது 30% கொழுப்பு வேணும், நல்ல குளிர்ச்சியும் வேணும். உருக்கிய வெண்ணெயைக் கலந்தால் அந்த நுரை நிற்காது. அதுக்கு ‘விப்பிங் க்ரீம்’ என்று எழுதிய பாக்கெட்தான் வழி. அதிலும் பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சில டாப்பிங்குகளில் இருப்பது பாலே இல்லை, தாவரக் கொழுப்பு. லேபிளைப் படிங்க.

வெண்ணெயும் நெய்யும்

பாக்கெட் வெண்ணெயில் சுமார் 80% கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். மஞ்சள் நிற டேபிள் பட்டரில் உப்பு இருக்கும். ரெசிப்பி ‘அன்சால்டட்’ என்று கேட்டால், வீட்டில் கடைஞ்ச வெள்ளை வெண்ணெய்தான் பொருத்தம். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவினா மோர்ப் புளிப்பு போயிடும்.

வெண்ணெய் இல்லை, நெய்தான் இருக்கா? 100 கிராம் வெண்ணெய்க்குப் பதில் 80 கிராம் நெய், கூட 20 மி.லி. பால். கணக்கு சரியாயிடும்.

‘பிரவுன் பட்டர்’ என்று ஒன்று இப்போ குக்கீ ரெசிப்பிகளில் அடிக்கடி வருது. பயப்படாதீங்க. வீட்டில் நெய் காய்ச்சும்போது சடசட சத்தம் அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகி, வாசம் தெருவுக்கே வருமே... அந்த நிமிஷம்தான் பிரவுன் பட்டர். நாம கசடை வடிகட்டிடுறோம். அவங்க கசடோடு சேர்த்துப் போடுறாங்க. நெய்யில் முருங்கை இலை போடும் முன் ஒரு கரண்டி தனியா எடுத்து வெச்சா வேலை முடிஞ்சது.

ரிக்கோட்டா, ஃபெட்டா, மஸ்கார்போனே

ரிக்கோட்டா என்ற இத்தாலியச் சொல்லுக்கு ‘மறுபடி சமைத்தது’ என்று பொருள். சீஸ் செய்த பிறகு மிஞ்சிய தண்ணீரை மறுபடி காய்ச்சி எடுப்பது. நமக்கு வழி சுலபம். ஒரு லிட்டர் ஃபுல் க்ரீம் பாலைக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிய வைத்து, துணியில் 15 நிமிஷம் மட்டும் வடிய விடுங்க. மேலே பாரம் வைக்கக் கூடாது. ஈரமும் மென்மையும் இருக்கும்போதே எடுத்தால் ரிக்கோட்டா. பாரம் வைத்து அழுத்தினால் பனீர்.

அழுத்திய பனீரைத் துண்டு போட்டு, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து, ஃபிரிட்ஜில் ஊறவைத்தால் சாலட்டுக்கு ஃபெட்டாவின் இடத்தை நிரப்பும். டிரமிசு செய்ய மஸ்கார்போனே கேட்டால், வடிய வைத்த திரிந்த பாலையும் ஃப்ரெஷ் க்ரீமையும் சம அளவு சேர்த்து, கட்டி இல்லாமல் மிக்ஸியில் அடிங்க.

கண்டென்ஸ்டு மில்க்: திரட்டுப்பால் வழி

எவாபரேட்டட் மில்க் என்பது, தண்ணீரில் சுமார் 60% வற்றிய சர்க்கரை இல்லாத பால். அரை லிட்டர் பாலை அடி கனமான பாத்திரத்தில் 200 மி.லி.க்குக் கொஞ்சம் மேல் வரும்வரை சுண்டக் காய்ச்சினால் அதுதான்.

கண்டென்ஸ்டு மில்க் வேறு. அதில் சர்க்கரை அதிகம். ஒரு லிட்டர் பால், 175 கிராம் சர்க்கரை. கைவிடாமல் கிளறி 400 கிராம் எடைக்கு வந்ததும் இறக்கினால், கடையில் கிடைக்கும் ஒரு டின்னுக்குச் சமம். டின் மாதிரி மாதக்கணக்கில் வராது. ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடிச்சுடுங்க. இன்னும் கிளறி, சர்க்கரைக்குப் பதில் வெல்லம் கடைசியில் சேர்த்தால் திரட்டுப்பால். அர்ஜென்டினாக்காரங்க ‘டுல்சே டி லெச்சே’ என்று ரொட்டியில் தடவிச் சாப்பிடும் பால் இனிப்புக்கு, அதை இளகலாக இறக்கிப் பயன்படுத்தலாம்.

மாற்றே இல்லாதது... ஆயாவின் கேள்வியும்!

பீட்ஸா மேல் பனீரைத் துருவிப் போட்டு, உருகும்னு காத்திருந்தவங்களுக்கு ஒரு செய்தி: அது உருகாது. கொதிக்கும் பாலில் புளிப்பு சேர்த்து உருவாவது பனீர். அந்தப் புளிப்பு, புரதத்தைப் பிணைக்கும் கால்சியத்தைக் கரைச்சு வெளியேற்றிடுது. அதனால் எவ்வளவு சூடாக்கினாலும் துண்டு துண்டாகவே நிற்கும். மொசரெல்லா, செடாரில் எல்லாம் பால் உறைவது ரென்னெட் என்ற நொதியால். அதனால்தான் உருகி இழுபடுது.

ரென்னெட் எங்கிருந்து வருது? பாரம்பரியமாக, பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்து. ஆயாவின் கேள்வி எவ்வளவு சரின்னு இப்போ புரியுதா? சைவம்னு நாம நினைக்கிற சீஸ், வீட்டில் யாருக்கும் தெரியாமலே அவங்க நியமத்தை உடைச்சிடலாம்.

1990-இல் அமெரிக்க அரசு, நுண்ணுயிர்களை வைத்துத் தயாரிக்கும் ரென்னெட் நொதிக்கு அனுமதி கொடுத்தது. இன்று பெரும்பாலான சீஸ்கள் அப்படித்தான் தயாராகுது. ஆனால் இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ அந்தப் பெயரில் விற்கப்பட வேண்டும் என்றால் கன்றின் ரென்னெட்தான் போடணும் என்பது விதி. பெக்கோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியின் ரென்னெட்.

இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது: சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம். சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரங்க வாங்கி வரும் சீஸில் இந்த அடையாளம் இருக்காது. அதில் ‘மைக்ரோபியல் ரென்னெட்’ என்றோ, ‘வெஜிடேரியன்’ என்றோ எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, சைவம் சாப்பிடுறவங்க தட்டில் அதை வைக்காதீங்க.

பாஸ்தா மேல் பார்மிசான் தூவச் சொன்னால்? நம்ம திண்டிவனம் பக்கத்து வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, உப்போடு கொரகொரப்பா பொடிச்சுத் தூவுங்க. சீஸ் ருசி வராது. ஆனால் உப்பும் எண்ணெய்ப் பசையும் மொறுமொறுப்பும் சேர்ந்து தட்டை நிறைவாக்கும்.

ஜெலட்டினும் இதே கதைதான். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது. பன்னா கோட்டா போன்ற பால் இனிப்புகளில் வரும். அதுக்குப் பதில் கடல்பாசி. அரை லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் கடல்பாசித் தூள் போட்டுக் கொதிக்க வைத்து இறக்கினால், கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடாத நேரத்தில்கூட வெளியிலேயே உறைஞ்சுடும்.

ஒரு பார்வையில்... ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோங்க!

* பட்டர்மில்க்: முக்கால் பங்கு தயிர், கால் பங்கு தண்ணீர்
* கிரீக் யோகர்ட்: 2–3 மணி நேரம் தொங்கிய தயிர்
* சோர் க்ரீம்: தொங்கிய தயிர் + கொஞ்சம் க்ரீம் + உப்பு
* க்ரீம் சீஸ்: 6–8 மணி நேரம் தொங்கிய தயிர் + வெண்ணெய் + உப்பு
* ஹெவி க்ரீம் (சமைக்க மட்டும்): ஃப்ரெஷ் க்ரீம் + வெண்ணெய்
* பிரவுன் பட்டர்: கசடோடு எடுத்த நெய்
* ரிக்கோட்டா: அழுத்தாத, திரிந்த பால்
* ஃபெட்டா: உப்புத் தண்ணீரில் ஊறிய பனீர்
* எவாபரேட்டட் மில்க்: சுண்டக் காய்ச்சிய பால்
* ஜெலட்டின்: கடல்பாசி
* மொசரெல்லா: மாற்று இல்லை, பச்சை வட்டம் பார்த்து வாங்குங்க

முதல் தடவை செய்யும்போது பாதி அளவில் செய்து பாருங்க. எந்தப் பால், எத்தனை மணி நேரம், எவ்வளவு உப்பு என்று போனில் குறிச்சு வையுங்க. ஒவ்வொரு வீட்டுத் தயிருக்கும் ஒரு புளிப்பு, ஒவ்வொரு மாட்டுப் பாலுக்கும் ஒரு கெட்டி. உங்க வீட்டுக் கணக்கு நாலாவது தடவையில் உங்களுக்கே பிடிபட்டுடும். அப்புறம் ஆயாவும், ‘என்ன சேர்த்த?’ என்று கேட்டால் தைரியமாகப் பதில் சொல்லலாம். எல்லாமே அவங்க கண் முன்னாடி, அவங்க கறந்த பாலில் செஞ்சதுதானே!